எட்டாவது பூச்சு

நடுவட்டத்துப் பழைய ஜெயிலுக்கு
வெள்ளையடிக்கப் போனோம், நானும் திரவியமும்.
கூலி எழுநூறு. மதியச் சோறு அவரவர் தூக்கில்.
மழை விட்டும் மூடுபனி விடாத ஆனி மாதம்;
கூடலூர் பஸ்ஸின் ஹாரன் மட்டும்
வளைவு வளைவாக மேலேறி வரும்.

கைதிகள் கதை ஊரில் எல்லாருக்கும் அரைகுறை.
சீனாக்காரர்களாம்.
கப்பலில் ஏற்றி வந்தார்களாம்.
காய்ச்சல் மருந்துக்குச் சிங்கோனா நட்டார்களாம்.
ஓர் 'ஆம்' ஒட்டாத வாக்கியம் கிடையாது,
ஒரு பெயரும் கிடையாது.

மூன்றாவது அறைச் சுவரைச் சுரண்டினேன்.
மஞ்சள், நீலம், மறுபடி மஞ்சள்,
எந்த அதிகாரியின் வருகைக்கோ அவசரமாய் அடித்த ரோஸ்.
ஏழு தோல் உரிந்தபின்
தரைக்கு ஒரு முழம் மேலே
ஆணியால் கீறிய படம்:
நாலு கட்ட ஜன்னல் ஒன்று,
அதன் கீழ் பெட்டி, அதன் கீழ் கோடு,
பக்கத்தில் கால்தூக்கிக் கிடக்கும் முக்காலி போல ஏதோ.

"எவனோ வீட்டுக்கு பிளான் போட்டிருக்கான்"
என்றான் திரவியம்.
காண்ட்ராக்டர் போஜன் டார்ச் அடித்துப் பார்த்தார்,
"வெள்ளிக்கிழமை பில் போடணும்பா."

ஞாயிற்றுக்கிழமை ஊட்டியில்
என் தங்கை துண்டு துவைக்கும் பார்லருக்குப் போனேன்.
முதலாளி லியாவ் அக்கா, பிறந்தது இங்கே,
தமிழ் என்னைவிட வேகம், கெட்ட வார்த்தை உட்பட.
போனில் இருந்த படத்தைத் திருப்பினாள்;
படமும் கூடவே திரும்பிக்கொண்டது.
"சனியன்" என்று தன் தலையைச் சாய்த்தாள்.
பிறகு சிரித்து, கதவைக் காட்டினாள்.
சிவப்புத் தாளில் அதே ஜன்னல், அதே பெட்டி.
இத்தனை வருடம் அதைப் பூ என்று நினைத்திருந்தேன்.

"பாக்கியம்னு அர்த்தம்.
ஒரு கோடு, ஒரு வாய், ஒரு வயல், பக்கத்துல சாமி.
புது வருஷத்துக்கு வேணும்னே தலைகீழா ஒட்டுவோம்.
கவுந்துச்சுன்னாலும் வந்துச்சுன்னாலும்
எங்க வாயில ஏறத்தாழ ஒரே சத்தம்."

"ஜெயிலுக்குமா வரும்?"

கத்தரி நின்றது, மறுபடி ஓடியது.
"வாசக்கதவுலதான் ஒட்டுவாங்க.
உள்ளே போய் எவன் எழுதுவான்?
எழுதத் தெரியாதவனா இருக்கும்."

திங்கட்கிழமை, சோறு தின்றபின்
அந்த அறையில் படுத்தேன்.
அகலம் எனக்கே போதவில்லை;
கால் கதவுப் பக்கம் நீள,
தலை சுவரில் முட்டியது.
கழுத்தைப் பின்னால் சாய்த்து அண்ணாந்தேன்.

நேராக இருந்தது.
கோடு மேலே. அதன் கீழ் வாய். அதன் கீழ் வயல்.
முக்காலி காலூன்றி நின்றது.

அக்கா சொன்னது சரியாக இருக்கலாம்.
படுத்தவன் படுத்தபடி
தனக்கு மட்டும் எழுதிக்கொண்டதாகவும் இருக்கலாம்.
எழுந்து கேட்க ஆள் இல்லை.
"தூங்குறியா?" என்றான் திரவியம் வாசலில் நின்று.
என் தலைக்கு அவன்தான் தலைகீழாகத் தெரிந்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் முடித்தோம்.
எட்டாவது பூச்சு என் கையால் விழுந்தது;
அந்த ஒரு சாணுக்கு மட்டும் சுண்ணாம்பைத்
தண்ணீராய்க் கரைத்தேன் என்றால்
போஜன் பில்லில் பிடித்துக்கொள்வார்.
அதனால் சொல்லவில்லை.

கூலி வாங்கிக் கடைக்குப் போனேன்.
"சீனி ஒரு கிலோ."
கடைக்காரர் வழக்கம்போலச் சிரித்தார்.
இங்கே எல்லாரும் சர்க்கரை என்பார்கள்;
சிலோன் கப்பலில் ஒரு பட்டியலின்
இருநூற்றுச் சொச்சமாவது எண்ணாக
அப்பா வந்து இறங்கியபோது
அவர் வாயோடு வந்த சொல் அது.

சீனி, என்று மறுபடி சொல்லிப் பார்த்தேன்.
நாக்கில் அது
மெதுவாகப் புரண்டு படுத்தது.